பம்பளிமாஸுக்கு வரிச்சலுகை

அரிசோனாவில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பம்பளிமாஸ் மரம். மாசியில் பழம் கொட்டும்போது சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. ஏழைகளுக்கு உணவு தரும் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை கொடுத்தால் மாநில வரியில் அப்படியே கழித்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் வெர்னான் எங்கேயோ கேட்டுவிட்டார். அவ்வளவுதான், கார் டிக்கி நிறைய பழ மூட்டை.

"பணமா குடுத்தாத்தாங்க கழிப்பாங்க" என்றேன். நான் சொல்லி அவர் என்றைக்குக் கேட்டார்?

தொண்டு நிறுவனத்தில் இருந்த யொலாண்டாவும் அதையே சொன்னாள். "பழத்துக்குக் கெடையாது சார்."

"சரிம்மா, இந்தப் பழத்த நீ வெலைக்கு வாங்கிக்க. அந்தக் காச ஒனக்கே நன்கொடையா குடுத்துடறேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. யொலாண்டா பின்னாலிருந்த கதவைத் திறந்தாள். உள்ளே கூரை வரைக்கும் பம்பளிமாஸ்.

"காலைலேருந்து வந்தவங்க எல்லாரும் இதத்தான் சார் கேட்டாங்க."

"செக்க எழுதித் தொலைங்க" என்றேன். எழுதினார். ரசீதை நீட்டும்போது யொலாண்டாவுக்கு வாயெல்லாம் பல்.

"பணம் குடுத்தவங்கள வெறுங்கையோட அனுப்ப மாட்டோம் சார்" என்றவள், ஆள் விட்டு எங்கள் காரை நிரப்பினாள்.

போகும்போது மூட்டையெல்லாம் டிக்கியில்தான் இருந்தது. திரும்பும்போது என் மடியிலும் ஒன்று.