எவ்வளவு இருக்கும், சொல்லு பார்க்கலாம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடுகிற கணக்காளரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. வேலையிடத்திலும் சொந்தக்காரர் வீடுகளிலும் தெருமுனை டீக்கடையிலும் அவர் பெயர் தள்ளுபடி. "தள்ளுபடியைக் கூப்பிடுங்கப்பா, லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு!" என்று கத்தினால் அவர் பாட்டுக்குக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். கோபமே வராது. பட்டப்பெயர் என்ன கடையிலா விற்கிறது, காசு கொடுத்து வாங்க? விற்றிருந்தால் அதையும் பாதி விலைக்கு வாங்கியிருப்பார் என்பது வேறு விஷயம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரின் மிகப் பெரிய கடையில் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வாடிக்கையாளர்கள் கண்ணாடி லிஃப்டில் ஏறுவார்கள். அவருக்குப் பிடித்தது பின்பக்கத்துச் சரக்கு லிஃப்ட். அதன் கூரை மேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் போடும்போது கிடங்கில் நடப்பதெல்லாம் கண்ணில் படும். வருஷக் கடைசி விடுமுறை விற்பனைக்குக் கொஞ்ச நாள் முன்னால் பழைய விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு, அதைவிடப் பெரிய விலையை ஒட்டுவார்கள். விற்பனை தொடங்கியதும் அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. கழுதைக்குக் குதிரை விலை எழுதிவிட்டு, அப்புறம் பெரிய மனசு பண்ணிக் கழுதை விலைக்கே கொடுப்பார்கள். ஜனங்களும் முண்டியடித்துக்கொண்டு வாங்கிப் போவார்கள்.

அதனால் சீசன் வந்தால் சொந்தபந்தம் எல்லாம் அவரிடம் யோசனை கேட்க வந்துவிடும். சித்தி மகன் வருவான், மைத்துனர் குடும்பத்தோடு வருவார். அவரும் சளைக்காமல் சொல்வார். "இப்பவே போய் விலையைப் பார்த்து மனசுல வச்சுக்கோ, அப்பதான் அவன் குறைச்சானா ஏத்தினானான்னு தெரியும். பசியோட கடைக்குப் போகாதே, கண்டதையும் வாங்குவே. தள்ளுவண்டியைத் தொடவே தொடாதே, கை வலிக்கிற அளவுக்கு வாங்கினா போதும்." எல்லாம் சொல்லி முடித்த பிறகு, முத்திரை குத்துகிற மாதிரி ஒன்று சொல்வார்: "அவசரப்படாதே. சீசன் முடியட்டும், விலை தானா இறங்கும்." 

இதெல்லாம் பாதிக் கதைதான். காசு மிச்சம் பிடிப்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம் கடையில் முடிந்துவிடாது. அது வீட்டுக்கு வந்து, சமையலறை மேஜை மேல் பொருளை வைத்து, கட்டிய கயிற்றைக் குனிந்து அவிழ்த்துக்கொண்டே, "எவ்வளவு இருக்கும், சொல்லு பார்க்கலாம்?" என்று மனைவியைக் கேட்கும்போதுதான் முழுசாகும்.

அவள் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொருளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். "ஒரு மூவாயிரமாவது இருக்கும்" என்பாள். "எண்ணூறு!" என்பார் இவர். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அடேங்கப்பா! அவ்வளவு கம்மியாவா!" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனுஷன் ஏழு மாடியும் படியேறி இறங்குவார். பிறகு எந்தக் கடைக்காரன் என்ன சொன்னான், தான் எப்படி நடையைக் கட்டுவதுபோல் வாசல் வரை போனார், அவன் எப்படிக் கூப்பிட்டான் என்று ஆதியோடந்தமாகக் கதை நடக்கும். அவள் தலையாட்டிக்கொண்டே பாத்திரத்தைக் கவிழ்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

இந்த வருஷச் சீசனுக்கு அவர் ஒரு பெரிய டிவியைக் குறிவைத்திருந்தார். வருஷ ஆரம்பத்திலிருந்தே அதன் விலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தார். பணம் தயார். கடைசி நாளுக்காகக் காத்திருந்தார்.

அப்படிக் காத்திருந்த ஒரு சாயங்காலம், லிஃப்டின் கதவை இழுக்கிற சின்ன மோட்டார் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடையில் கூட்டம் தாங்கவில்லை, அங்கே உட்கார்ந்து கழற்ற இடமில்லை. கறுப்பு மசகு வழிந்துகொண்டிருந்த அந்தச் சனியனைப் பழைய செய்தித்தாளில் சுற்றி மேஜை மேல் வைத்தார். குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "இதைத் தொட்டுடாதே, கையெல்லாம் கறுப்பாயிடும். காலைல திரும்பக் கொண்டுபோகணும்" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒரு மூவாயிரமாவது இருக்கும்" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலி பண்ணுகிறாள் என்று நினைத்தார். தலையை நிமிர்த்தாமலே, "கடைல வாங்கினது இல்லடி, லிஃப்ட் மோட்டார்" என்றார்.

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடேங்கப்பா! அவ்வளவு கம்மியாவா!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே வியந்துபோன முகம், எப்போதும் பார்க்கிற அதே முகம். அவர் கையிலிருந்த கயிறு அப்படியே நின்றுவிட்டது. அவள் தொட்டிக்குத் திரும்பிப் போய், அவர் சொல்லாத ஒரு கதைக்குத் தலையாட்டிக்கொண்டே பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

அவர் மெல்ல அவள் பின்னால் போய் நின்றார். "தண்ணி குடு" என்றார். தலையாட்டினாள். கொஞ்சம் சத்தமாக, "நான் வேலையை விட்டுடப் போறேன்" என்றார். அதற்கும் தலையாட்டினாள்.

நூற்பாலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் அவள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேசினால்கூட உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். மகள் போன் பண்ணினால் "நீங்களே பேசுங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று அவரிடம் கொடுத்துவிடுவாள். அடுப்பில் ஒன்றுமே இருக்காது. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் லிஃப்டின் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, இது மட்டும் உறைக்கவில்லை.

மறுநாள் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையிலிருந்து மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா, உங்களுக்கு இப்பதான் தெரியுதா?" என்றாள் அவள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "ரெண்டு வருஷம் முன்னாடி நானும் அம்மாவும் போய்க் காதைக் காட்டினோம்ப்பா. காது மெஷின் வச்சா நல்லாக் கேக்கும்னாங்க. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. 'இதுக்குச் சீசன்ல தள்ளுபடி உண்டா?'ன்னு. அம்மாவுக்குத் தேவைப்படுற மெஷினுக்குக் கிடையாதுன்னுட்டாங்க. எழுந்து வந்துட்டா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாப்பா. 'முழு விலை குடுத்து வாங்கினா அவருக்குத் தூக்கம் வராது. பாவம், விடு'ன்னா."

அவர் போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கீழே மணி அடித்தது, யாரோ கத்தினார்கள். அவர் போகவில்லை. கடை மேலாளரிடம் எதையாவது சொல்லிச் சலித்துப்போனால், "செவிடன் காதுல ஊதின சங்கு" என்று தினமும் ஒரு தரமாவது சொல்கிறவர் அவர். வீட்டிலும் எத்தனை தரம் சொல்லியிருப்பார், அவள் எதிரிலேயே. அவமானமாக இருந்தது. தள்ளுபடியில் வராத ஒன்றைக் கேட்கக்கூட அவளுக்கு வாய் வராதபடி ஒரு வீட்டை நடத்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது, மசகு படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே விடுப்புப் போட்டார். சீசனில் அவர் விடுப்புப் போட்டது ஊரறிந்த அதிசயம்.

மனைவியைக் கூட்டிக்கொண்டு போன காது மெஷின் கடையிலும் சீசன்தான். கண்ணாடிப் பெட்டியில் சிவப்புச் சீட்டு தொங்கியது: பாதி விலை. அவர் கண் தானாக அங்கே போனது. பழக்கதோஷம், சாமானியமாகப் போகுமா?

பரிசோதனை செய்கிற பெண் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே அந்தப் பெண்ணின் மேஜையில், சத்தம் போகும்போது பச்சை விளக்கு எரியும். உள்ளே இருப்பவர் அழுத்தினால் மஞ்சள் விளக்கு. அவர் பின்னால் நின்று பார்த்தார். பச்சை எரிந்தது. மஞ்சள் எரியவில்லை. மறுபடி பச்சை. அவள் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள். அழுத்து, அழுத்துடி என்று அவர் உதடு முணுமுணுத்தது. ஆயுசு பூராவும் பொத்தான்களை ரிப்பேர் செய்தவர், அந்த ஒரு பொத்தானை ஒன்றும் செய்ய முடியாமல் நின்றார்.

வெளியே வந்ததும் அவர் சிவப்புச் சீட்டைக் காட்டினார். "அது இவங்களுக்கு ஆகுமா?"

"ஆகாது சார். அது லேசாக் குறைஞ்சவங்களுக்கு. மிச்சமாகிப்போன சரக்கு, அதான் தள்ளுறாங்க" என்று அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். "இவங்களுக்கு இதுதான் சரிப்படும்" என்று வேறொன்றை எடுத்து வைத்து, விலையைத் தாளில் எழுதி அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் தாளை எடுத்துப் பார்த்தார். டிவியும் அதன் மேல் இன்னொரு டிவியும். மனைவிக்குத் தாள் தெரியவில்லை. அவர் முகம் தெரிந்தது. அது போதுமே அவளுக்கு. அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க போகலாம். எதுக்கு அவசரம்? சீசன் முடியட்டும், விலை தானா இறங்கும்."

தன் வாக்கியத்தை இன்னொருவர் வாயில் கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அவள் பார்க்கும்படி முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "இதுக்குச் சீசன் இல்ல. நான் காத்திருந்த ஒவ்வொரு நாளும் நஷ்டம்தான்." பேரம் பேசவில்லை. வாசல் வரை நடந்து காட்டவில்லை. பணத்தைக் கட்டினார்.

மெஷினைப் பொருத்தித் தெருவில் இறங்கியதும் அவள் நாலடி நடந்து நின்றுவிட்டாள். "உங்க செருப்பு இவ்வளவு சத்தமா போடும்?" என்றாள். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பெரிய கடை வாசலில் கூட்டம் அலைமோதியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். ஒரு தரம் பார்த்தார்.

சாயங்காலம் அவள் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் ஒன்றோடொன்று மோதும்போதெல்லாம் தோளைச் சிலிர்த்துக்கொண்டாள். அவர் மெஷின் வந்த காலிப் பெட்டியை மேஜை மேல் வைத்தார். அவளுக்குப் பின்னால், சாதாரணக் குரலில், கொஞ்சம் பயந்துகொண்டே கேட்டார்.

"எவ்வளவு இருக்கும், சொல்லு பார்க்கலாம்?"

அவள் சட்டென்று திரும்பினாள். கையைத் துடைக்கவில்லை. தண்ணீர் தரையெல்லாம் சொட்டியது.

"ஒரு இருபதாயிரமாவது இருக்கும்" என்றாள்.

"அதுக்கும் மேல."

"முப்பதா?"

"அதுக்கும் மேல" என்றார் அவர். அவள் சொன்ன விலை குறைந்துபோனது அதுதான் முதல் தடவை. தோற்றுப்போனதில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு பெருமை வருமா என்று அவருக்கே ஆச்சரியம். விலையைச் சொன்னார்.

"அடேங்கப்பா!" என்று அவள் ஈரக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு அலமாரிக்குப் போய், அவர் போன சீசனில் வாங்கி வந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் மேஜை மேல் வைத்தாள். நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இது எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்றாள். "நீங்க சொன்னப்போ எனக்குக் கேக்கல. கடைக்காரன் என்ன சொன்னான்? முதல்லேர்ந்து சொல்லுங்க."