உதட்டுப் பேச்சு

எங்கள் தறிக்கூடத்தில் நாற்பது தறியும் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் நாங்கள் உதட்டால் பேசுவோம். சத்தமே வராது. நாலு தறி தள்ளி நிற்பவளிடம் மாமியாரைத் திட்டித் தீர்க்கலாம். மேனேஜர் பக்கத்திலேயே நிற்பார். பாவம், ஒரு மண்ணும் புரியாது. நாற்பது பெண்களுக்கும், தறி ரிப்பேர் பார்க்கும் என் தம்பிக்கும் மட்டும்தான் இந்த வித்தை தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே!

போர் வந்ததும் காயத்துக்குக் கட்டும் துணி நெய்யச் சொன்னார்கள். போரை எதிர்த்துப் பேசுகிறவர்கள் பெயரை எழுதிப் போட வாசலில் ஒரு பெட்டியும் வைத்தார்கள். தெருவில், கடையில், பஸ்ஸில் எல்லோரும் கப்சிப். நாங்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் பக்கத்துத் தறிக்காரி சொன்னாள்: "எவ்வளவு நெய்ஞ்சாலும் இந்தத் துணி பத்தாது. சண்டைய நிறுத்துங்கடா."

மறுநாள் அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சத்தமில்லாமல் சொன்னதை வெளியாள் எப்படிக் கேட்பான்? எங்களுக்குள்தான் யாரோ. அன்றோடு எல்லோரும் உதட்டை இறுக்கிக்கொண்டோம். சாப்பிடும்போதுகூட ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. ஒரே ஒரு துண்டுக் காகிதம், கூடமே ஊமையாகிவிட்டது.

பத்து நாள் கழித்து, தம்பி வயதுக்காரர்கள் எல்லாம் போர்முனைக்குக் கிளம்ப, அவனுக்கு மட்டும் விலக்குச் சீட்டு வந்தது. எனக்குப் பொறிதட்டியது.

"நீதான் போட்டுக் குடுத்தியா?"

"ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்குக்கா. மாசம் ஒரு பேரு குடுத்தா போதும்னாங்க."

"அவளுக்கும் ரெண்டு பிள்ளைங்கதானடா, பாவி!"

அவன் தேம்பித் தேம்பி அழுதான். நான் அவன் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் அந்தப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?

மறுநாள் காலை, எதிர்த்தறிக்காரியைப் பார்த்து நானே முதலில் உதட்டைத் திறந்தேன்: "சண்டைய நிறுத்துங்கடா." அவள் முகம் வெளுத்தது. பிறகு அடுத்தவளிடம் திரும்பி அதையே சொன்னாள். என் மனுஷிகள்!

அந்த வாரமே, பெட்டி வைத்தவர்களின் அதிகாரி வந்தார். உதட்டைப் படித்துச் சொல்லத் தம்பியைக் கூடவே வைத்துக்கொண்டார். நாங்கள் வாயை மூடவில்லை. நாற்பதில் ஒருத்தி குறைய, முப்பத்தொன்பது பேரும் அதை அவருக்கு நேராகவே சொன்னோம். அவர் என் தம்பி காதில் கத்தியதை அவர் உதட்டிலேயே படித்தேன்.

"என்னய்யா சொல்றாங்க?"

எல்லோர் கண்ணும் தம்பி உதட்டில். அவன் என்னைப் பார்த்தான்.

"பாட்டு பாடுறாங்க சார்."

"எல்லாரும் ஒரே பாட்டா?"

"ஆமா சார். எனக்கும் தெரியும்." எங்கள் பக்கம் திரும்பினான். சத்தமில்லாமல் அவனும் அதையே சொன்னான்.

பிடித்துக்கொண்டு போனவள் இன்னும் வரவில்லை. அவள் தறியை முறை வைத்து ஓட்டுகிறோம். அந்த மாதம் தம்பி எந்தப் பெயரும் கொடுக்கவில்லை. சீட்டைப் பறித்துக்கொண்டு அவனைப் போர்முனை பஸ்ஸில் ஏற்றினார்கள். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் அவன் உதடு அசைந்தது.

"அக்கா, துணிய நல்லா நெருக்கி நெய்யுங்க."

பஸ் நகர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்களிடம் சத்தமாகவே சொன்னேன்: "அவன் என் தம்பி!"