தாய்ச்செடிக்குக் கிடைத்த சான்று

...இல்லை, கலப்படம் என்ற சொல்லை அந்த வைத்தியர் எப்படித் துணிந்து சொன்னார், அதுவும் கடை வாசலில், நாலு பேர் நிற்கும்போது, உங்க மூலிகை முன்ன மாதிரி வேலை செய்யல என்று, மூன்று தலைமுறையாக ஒரே தோட்டம், ஒரே செடி, பொட்டலத்தின் மேல் அப்பாவின் பெயர்... பெரியவர் ஆய்வகத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் காத்திருப்பதுபோல் ஆகிவிடும், அவர் காத்திருக்க வரவில்லை, வாங்கிப் போக வந்திருக்கிறார். பத்து நாள் முன்பு அவர் கொடுத்த இலையை அரைத்து, இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.வைப் பிரித்து, அதில் ஒரு துண்டை அசல் மூலிகையின் துண்டோடு ஒப்பிடுவார்களாம். பார்க்கட்டும், நன்றாகவே பார்க்கட்டும்.

ஆய்வகப் பெண் காகிதத்தோடு வந்தாள். "அசல்தாங்க ஐயா. டி.என்.ஏ.வுல ஒரு எழுத்துகூட மாறல."

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்ல உங்களுக்குப் பத்து நாளாச்சு."

அவள் சிரித்தாள். "ஆனா பசுங்கணிகம் தாய்ச்செடி வழியா மட்டும்தான் வரும், அதனால இது தாய்ச்செடி எதுன்னுதான் சொல்லும். மகரந்தம் வேற செடியிலேருந்து வந்திருந்தா இதுல தெரியாது. அதுக்குத் தனி சோதனை, ஒன்றரை மாசம் ஆகும். யாரும் கேக்கிறதில்ல." சொல்லிவிட்டு முத்திரையைத் தேடப் போனாள்.

யாரும் கேட்பதில்லை, அப்படியானால் நான் மட்டும் ஏன் கேட்க வேண்டும், இதை வைத்தியரின் மேசையில் போட்டால் போதும், மனிதர் அப்புறம் வாயே திறக்கமாட்டார்... ஆனால் அந்தப் பூ ஏன் இப்போது கண்ணுக்குள் வந்து நிற்கிறது? வெள்ளையாய் இருக்க வேண்டிய இதழ், விளிம்பில் மட்டும் ஊதா, கிணற்றோரப் பாத்தியிலிருந்து மருமகள் பறித்து வந்து காட்டினாளே, வேலிக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி காட்டுச்செடி இருக்கு மாமா, தேனீ ரெண்டுலயும்தான் உக்காருது என்று. நேற்று வந்தவளுக்கு எங்கள் செடியைப் பற்றி என்ன தெரியும் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன், அதன்பின் அவள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை, மறுவருடம் அந்தப் பாத்தி விதையைத்தானே தோட்டம் முழுக்கப் போட்டோம்... சரி, காகிதம் பொய் சொல்லவில்லையே. சொல்லவில்லைதான். அது சொல்லாமல் விட்டதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறவன் யார்?

எழுந்தார். "முத்திரை வேண்டாம்மா. அந்த இன்னொரு சோதனையையும் எடுங்க."

"அதுல கலப்புன்னு வந்தா இந்தப் பேப்பரைக் காட்ட முடியாதே ஐயா."

"காட்டப் போறதில்ல."

வாசலுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டார். மருமகள்தான் எடுத்தாள். "சொல்லுங்க மாமா."

"கடையில இருக்கிற நம்ம பொட்டலத்தையெல்லாம் இறக்கி உள்ள வச்சிடு. ஒன்றரை மாசத்துக்கு விக்க வேண்டாம்."

"கேட்டா என்ன சொல்லட்டும்?"

"சந்தேகம் இருக்குன்னு சொல்லு."

"யாருக்குச் சந்தேகம்னு கேப்பாங்களே மாமா."

எனக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தார், சொல்லிவிட்டால் தீர்ந்தது, ஆனால் முதலில் சந்தேகப்பட்டவள் அவளல்லவா, அதைக்கூட அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேனோ...