நாளைய சூட்டைச் சொன்ன கண்ணாடி நூல்

2006ஆம் ஆண்டு ஆவணியில், சண்டை மீண்டும் மூண்டிருந்த நாட்களில், வவுணதீவுக்கு அப்பால் ஒரு சிற்றூரில், அன்னப்பூரணியின் யானைவெடிக் கொட்டிலில் ஓடிய கண்ணாடி நூல் மறுநாள் பிறக்கப்போகும் சூட்டை முதல்நாளே சொல்லத் தொடங்கியது. வயல் வட்டைக்குள் இறங்கும் யானைகளை விரட்ட அவள் விவசாயிகளுக்கு வெடி சுற்றிக் கொடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் வெடிமருந்து காயவைத்த அறை தீப்பிடித்து அவள் புருஷன் சீனித்தம்பி இறந்துபோனான். அதன்பின், தொலைபேசி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வேர்னன் நகரத்திலிருந்து வந்து, மயிரளவு கண்ணாடி நூல் அறுபது மீற்றரைச் சுவரோரமாக ஓடவிட்டு, நுனியில் ஒரு பெட்டியைப் பொருத்தினார். நூலுக்குள் வெளிச்சம் ஓடும். சூடு ஏறினால் எத்தனையாவது மீற்றரில் என்று பெட்டி காட்டும்.

முதலில் அது பதினான்கு என்றது. தொட்டுப் பார்த்தாள், சுவர் குளிர்ந்திருந்தது. ஆனாலும் பயத்தில் அங்கிருந்த மருந்தையெல்லாம் வெளியே எடுத்தாள். மறுநாள் அதே நேரம் அந்த இடம் புகைந்து கருகியது. வேர்னன் பெட்டியைக் கழற்றிப் பார்த்து, பழுதில்லை என்று மூடினார்.

ஐப்பசியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அது, நூல் அறுபது மீற்றரே இருக்க, நானூற்றுப்பத்து என்றது. நூல் முடிந்த இடத்தையும் தாண்டி, அது போன திசையில் அவள் காலால் அளந்துகொண்டே போனாள். கணக்கு அருமைநாயகத்தின் தேத்தண்ணிக் கடையில் முடிந்தது.

“நாளைக்குக் கடை திறக்காதீங்க அண்ணன்.”

“ஒரு நூலுக்குப் பயந்து கடைய மூடுறதா? போ பிள்ள.”

மறுநாள் அவர் கடையைத் திறந்தார். ஒன்பதரை மணிவரை கெஞ்சிப் பார்த்தவள், போய்க் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க வராம நான் எழும்பமாட்டன்.”

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க அருமைநாயகம் துணியை வீசிவிட்டு, “வா, போவம்” என்றார். இருவரும் வளைவைத் தாண்டும்போது பீரங்கிச் செல் விழுந்தது. கடை இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. அவர் குழியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, “நாளைக்கு எங்கயாம்?” என்று கேட்டார்.

அதன்பின் ஊரே கேட்டது. அவள் தூரம் சொல்வாள். மாடுகளை அவிழ்த்து மாற்றிக் கட்டினார்கள், பிள்ளைகளை வேறு மரத்தடியில் வைத்துப் படிப்பித்தார்கள், ஒரு கலியாணப் பந்தலைப் பிடுங்கி நட்டார்கள். அன்னப்பூரணி மட்டும் பெட்டியை விட்டு நகரப் பயந்து, நின்றபடியே சாப்பிட்டாள்.

மாசியில் ஒருநாள் பெட்டி பூச்சியத்தில் தொடங்கி எல்லா இலக்கங்களையும் ஒன்றுவிடாமல் காட்டிக்கொண்டே போனது. அவள் வெளியே வந்து, “நாளைக்கு முழு ஊரும்தான். எல்லாரும் வெளிக்கிடுங்க” என்றாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பொழுது சாயுமுன் முழு ஊரும் பாலம் கடந்து கிழக்கே நகரத்துப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.