எழுபது அடியில் சால்மன்

என் கணவர் உர்ஹோவும் அவருடைய அண்ணன் வெய்க்கோவும் பேச்சை நிறுத்தியது ஒரு மீனால்தான். அதுவும் கைக்கு வராத மீன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெய்க்கோ 'வால்ஐ' என்ற ஏரி மீனில் பெரியது ஒன்றைப் படகோரம் வரை இழுத்து வந்துவிட்டார். மீனை அள்ளக் கைவலை பிடித்தவர் என் கணவர். தலைப்பக்கம் கொடுக்க வேண்டிய வலையை வால்பக்கம் கொடுத்தார். மீன் துள்ளிய துள்ளலில் தூண்டில் நரம்பு அறுந்தது. வேண்டுமென்றே செய்தான் என்றார் அண்ணன். முடிச்சுப் போடத் தெரியாதவன் என்றார் தம்பி. அன்றோடு ஒரு படகு இரண்டு படகாயிற்று. அறுபதைத் தாண்டிய ஆண்களுக்குச் சண்டை போட இவ்வளவு போதும்.

இந்த ஆகஸ்டில் வெய்க்கோவுக்கு இதய ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அவர் மனைவி ஹில்யா தேவாலய வாசலில் என்னிடம் சொன்னாள். பிழைப்பது பாதிக்குப் பாதிதானாம். வீட்டுக்கு வந்ததும் உர்ஹோவை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். போக அவருக்கும் ஆசைதான், சாப்பாடே இறங்கவில்லை. ஆனால் பெரியவன் அவன், அவன் ஒரு வார்த்தை கூப்பிடட்டும், உடனே போகிறேன் என்பதிலேயே நின்றார். பிடிவாதத்தில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை காலை நானும் அவரும் ஏரியில் இருந்தோம். மிச்சிகன் ஏரி கண்ணாடியாய்க் கிடந்தது. மீன் இருக்குமிடம் காட்டும் சோனார் திரையில் ஏரித் தரையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போது வயர்லெஸ் கரகரத்தது.

"டேய் உர்ஹோ. கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்கே வாடா. எழுபது அடியில சால்மன் கும்பலா நிக்குது."

வெய்க்கோவின் குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உர்ஹோ பொத்தானை அழுத்தி, "சரி, வர்றேன்" என்றார். சொல்லிவிட்டுப் படகை மேற்கே திருப்பினார்.

எங்கள் விரிகுடாவில் வயர்லெஸ்ஸில் யாரும் உண்மை பேசுவதில்லை. எல்லாப் படகும் ஒரே சேனலைக் கேட்கிறது, யார்தான் உண்மை இடத்தைச் சொல்வார்கள்? எங்கள் பாதிரியாரே முப்பது அடி ஆழத்தில் பிடித்துக்கொண்டு அறுபது என்பார். கேட்பவரும் மரியாதைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

"என்னங்க, கிழக்கேன்னுதானே சொன்னாரு?" என்றேன்.

"அதனாலதான் மேற்கே போறேன். எழுபதுன்னா நாப்பது. பழைய வெய்க்கோ திரும்பி வந்துட்டான்டி. என்னை ஏமாத்தப் பாக்குறான்னா அவனுக்குக் கோபம் போயிடுச்சுன்னு அர்த்தம்."

"ஒருவேளை நெஜமாவே கூப்பிடறாரோ என்னமோ."

"வயர்லெஸ்லயா? ஊரே கேக்குறப்பவா? அவன் என்ன பைத்தியமா?"

மேற்கே நாற்பது அடியில் திரை நிறைய வளைவு வளைவாக மீன். வால்ஐ கூட்டம். தூண்டிலை இறக்குவதும் ஏற்றுவதுமாகவே இருந்தோம். உர்ஹோ இரண்டு வருடத்துக்குப் பிறகு சீட்டியடித்தார். இருப்பதில் பெரிய மீனைப் புகையில் வாட்டி நாளைக்கே அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீனும் கையுமாகப் போனால் வீடு பூட்டியிருந்தது. முந்தின சாயங்காலமே தெற்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்களாம். திங்கட்கிழமை ஆபரேஷன் மேசையிலிருந்து வெய்க்கோ எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தார்கள். ஹில்யா எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அந்தச் சனிக்கிழமை அவளும் படகில் இருந்தாளாம். தம்பி வீட்டுக்குப் போய் நின்றால் வார்த்தை வராது, ஏரியில் என்றால் தன்னால் பேச்சு வந்துவிடும் என்று வெய்க்கோ சொன்னாராம்.

"நீ வர்றேன்னு சொன்னதும் தூண்டிலை எல்லாம் மேல ஏத்திட்டாரு, உர்ஹோ. திரை முழுக்க சால்மன். ஒண்ணாவது பிடிங்களேன்னேன். தம்பி வரட்டும்னுட்டாரு."

"எவ்வளவு நேரம் நின்னீங்க அண்ணி?" என்றார் உர்ஹோ.

"மீனெல்லாம் கலைஞ்சு போற வரைக்கும். அப்புறமும் நின்னோம்." ஹில்யா குற்றம் சொல்லவில்லை, களைத்துப்போயிருந்தாள். "மேற்கே தூரத்துல ஒரு படகு தெரிஞ்சுது. அது உங்க படகுதான்னு நான் சொன்னேன். இருக்காது, அவன் வர்றேன்னு சொல்லியிருக்கான்னாரு."

உர்ஹோ அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.