கடையின் முதற்பலன்

எங்கள் கடையில் வேலை தெரிந்தவர் யாரும் கிடையாது. அம்மா நன்றாக வேலை சொல்லிக்கொடுப்பாள் என்பதுதான் அதற்குக் காரணம்.

கடை என்றால் ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுதுபார்க்கும் கடை. அம்மாதான் முதலாளி, அம்மாதான் தலைமை மெக்கானிக். அப்பா கப்பலில் சமையல்காரர். எப்போதாவது விடுப்பில் வருவார், ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே சாப்பிட என்ன இருக்கிறது என்று பார்ப்பார்; தொழிலில் அவருடைய பங்கு அவ்வளவுதான். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வேன் ஓட்டுகிறார். ஓட்டாத நேரத்தில் புலம்புகிறார். நான் கல்லூரியில் கடைசி வருடம்.

அம்மா சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் ஒன்றைக் கேட்டிருக்கிறாள். விளைச்சலில் முதலாவதும் சிறந்ததும் முதற்பலனாக ஆண்டவருக்கு, மிச்சம் நமக்கு. வகுப்பிலிருந்த மற்ற பிள்ளைகளும் இதைக் கேட்டு, மிட்டாய் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஒழுங்காக மறந்திருக்கிறார்கள். அம்மா மறக்கவில்லை. ஆனால் எங்களுக்கு வயல் கிடையாது, ஆடுமாடு கிடையாது. எங்களிடம் விளைவது மெக்கானிக் மட்டும்தான்.

ஆகவே, கடையில் ஒருவர் பின்பக்கத் தகட்டைக் கழற்றாமலே கம்ப்ரஸர் மேல் உள்ளங்கையை வைத்து, காதைக் கொடுத்து, கோளாறு இன்னதென்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டால் அம்மா அவரை அனுப்பிவிடுவாள். தண்டனையாக அல்ல. மெக்கானிக் இல்லாத பகுதியாகப் பார்த்து, ஒரு கடை பிடித்துக் கொடுத்து, எங்களிடம் இருப்பதிலேயே நல்ல வாக்குவம் பம்பையும் நல்ல டார்ச்சையும் கையில் கொடுத்து, போதகரை வரவழைத்து ஜெபம் செய்து வழியனுப்புவாள். எங்களுக்கு மிஞ்சுவது, உறுமுமே தவிர காற்றை உறிஞ்சாத ஒரு பம்பும், அதே குணமுள்ள ஆட்களும்.

“போட்டிக் கடைக்கு ஆள் தயார் பண்ற ஒரே முதலாளி நீதான்க்கா,” என்பார் மாமா.

“பின்ன, மிச்சத்தையா கொடுக்கச் சொல்றே?” என்பாள் அம்மா.

மாமாவுக்கும் கொடுக்கும் மனசு உண்டு. ஆலயத்துக்கு ஒரு ஏசி வாங்கிக் கொடுத்து, அதன் நெற்றியில் தன் பெயரைப் பெரிதாகப் பொறிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் திட்டம். “நாம போனதுக்கு அப்புறமும் பேரு நிக்கணும்ல?”

“கம்ப்ரஸர் மிஞ்சிப்போனா பத்து வருஷம் தாங்கும்டா. அப்ப உன் பேரை நான்தான் ஸ்க்ரூடிரைவர் வெச்சுக் கழட்டணும்.”

மாமா அன்றைக்கு வேன் கதவை ஓங்கி அறைந்து சாத்தினார். அந்தக் கதவு இன்னும் சரியாகப் பூட்டுவதில்லை.

தகராறு அம்மாவின் முழங்காலில் தொடங்கியது. இத்தனை வருடம் ஃப்ரிட்ஜின் முன்னாலும் கடவுளின் முன்னாலும் மண்டியிட்டதில் மூட்டு தேய்ந்துவிட்டது. இரண்டில் எதனால் அதிகம் தேய்ந்தது என்று டாக்டர் விசாரிக்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார். அதன்பின் சில மாதங்களுக்குக் கடைப்பக்கமே வரக்கூடாது என்றார்.

அப்போது கடையில் இருந்தவர்கள் இருவர். ஒருத்தி முக்கால் டன். ஒல்லியான பெண்தான், ஒருமுறை முக்கால் டன் ஏசியைத் தன்னந்தனியாக மூன்றாம் மாடிக்குத் தூக்கிப்போனதால் வந்த பெயர். இன்னொருவர் பொறுமை. அவரிடம் அது இருந்ததால் வைத்த பெயர் அல்ல, அவரோடு வேலை செய்பவர்களுக்கு அது தேவைப்பட்டதால் வைத்தது. தலையில் பாதி முடி கொட்டிய மனிதர். கடை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார். கதவு ரப்பரைத் தலைகீழாக மாட்டிவிட்டு, ஃப்ரிட்ஜ்தான் தலைகீழாக இருக்கிறதோ என்று யோசிப்பவர்.

என் கணக்கு எளிமையானது. முக்கால் டன் இருந்தால் கடையை அவள் பார்த்துக்கொள்வாள், நான் கல்லூரிக்குப் போவேன். அவள் போய்விட்டால் கடைக்கு நான். வருகைப்பதிவு குறைந்தால் கடைசிப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஒரு வருடம் மண்ணாய்ப் போகும்.

அதனால், முக்கால் டன்னுக்கு வேலை முழுசாக வந்துவிடக் கூடாது என்று தினமும் ஜெபித்தேன். அந்த வகை ஜெபத்துக்கு மேலே தனிப் பிரிவு இல்லை போலிருக்கிறது.

ஒரு மத்தியானம் ஐஸ்கிரீம் கடைக்காரர் தன் ஃப்ரீசரை இறக்கினார். “கேஸ் போயிடுச்சு, நிரப்பிக் கொடுங்க” என்றார். முக்கால் டன் அதன் மேல் கையை வைத்தாள். கண்ணை மூடினாள். நான், “நல்லா யோசி, அவசரமே இல்ல,” என்றேன்.

“கேஸ் எல்லாம் இருக்கு அக்கா,” என்றாள் அம்மாவிடம். “உள்ள ஃபேன்ல பனி கட்டி இறுகிப்போயிருக்கு. பனி உருக்கற ஹீட்டர் ஒயர் அறுந்திருக்கும்.”

திறந்து பார்த்தார்கள். அறுந்திருந்தது.

அம்மாவின் முகத்தில் விளக்குப் போட்டது போல் ஆயிற்று. மாமா என்னைத் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி பார்த்தார்.

அன்று மாலையே பேச்சு வந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு சுகாதார நிலையம். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜ் அடிக்கடி நின்றுவிடுகிறது. பார்க்க ஒரு மெக்கானிக் கிடையாது என்று அங்குள்ள நர்ஸ் ஆலயத்தில் அம்மாவிடம் அழுதிருக்கிறாராம்.

“நான் எங்கயும் போகமாட்டேன் அக்கா,” என்றாள் முக்கால் டன். “உங்க ஆபரேஷன் முடியட்டும். நீங்க நடக்க ஆரம்பிங்க, அடுத்த நாளே கிளம்பறேன்.”

“எனக்குத் தேவை தீர்ந்ததுக்கு அப்புறம் உன்னைக் கொடுத்தா அதுக்குப் பேரு மிச்சம்.”

“அம்மா, நான் ஒருத்தன் இங்க உட்கார்ந்திருக்கேன்,” என்றேன். “எனக்குப் பரீட்சைன்னு ஒண்ணு இருக்கு.”

“ஆண்டவர் பார்த்துப்பார்டா.”

“ஆண்டவர் பார்த்துப்பார். வருகைப்பதிவை யாரு போடுவா?”

“அக்கா, கொஞ்சமாவது மனசாட்சியோட பேசு,” என்றார் மாமா. “ஆளோட சேர்த்துப் பம்பையும் கொடுப்பியா?”

“பம்ப் இல்லாம அவ அங்க போய் வாயால உறிஞ்சுவாளா?”

ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்தார், ஜெபித்தார். முக்கால் டன் அழுதாள். பெட்டியைப் பொறுமைதான் தூக்கி வேனில் வைத்தார். கைதட்டினார். கதவு பூட்டாததால் வழிநெடுக முக்கால் டன்னே அதைப் பிடித்துக்கொண்டு போனாளாம்.

ஆனால் நான் விடுவதாக இல்லை. அம்மா அனுப்பியவர்கள் நகரம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் ஒரு நல்ல மெக்கானிக்கைச் சில மாதங்களுக்குக் கடன் கேட்டால் கொடுக்காமலா போய்விடுவார்கள்? மாமாவையும் வேனையும் கிளப்பிக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் சந்தைக்குப் பக்கத்தில் சோடாபுட்டி. கனத்த கண்ணாடிக்காரர். அம்மாவிடம் பயின்றவர்களில் மூத்தவர். விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போனார்.

“அக்காவுக்கு ஆபரேஷனா? தம்பி, உயிரையே கேளுங்க, கொடுக்கறேன்.”

“உயிர் வேண்டாம் அண்ணே. ஒரு நல்ல மெக்கானிக் போதும்.”

சோடாபுட்டியின் முகம் மாறியது. “ஒருத்தன் இருந்தான். தங்கமான கை. போன மாசம்தான் அனுப்பிவெச்சேன்.”

“எங்க?”

“மீன் துறைமுகத்துக்கு. அங்க ஐஸ் அறைக்கு ஆளே இல்லன்னாங்க.” குரலைத் தாழ்த்தினார். “முதற்பலன் இல்லையா தம்பி.”

வேனிலேயே உட்கார்ந்திருந்த மாமா ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்தார். ஹாரன் அடித்தது. அவர் நெற்றியை எடுக்கவில்லை.

அடுத்து இரட்டைஜடை அக்கா. அவர் கடையில் நான்கு பேர் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. உள்ளே போனால், ஒருவர் கேஜைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க சோப்பு நுரைக்குப் பதில் ஷாம்பு போட்டு, வாசனை நன்றாயிருக்கிறது என்று பாராட்டிக்கொண்டிருந்தார்.

“நல்லவங்க எல்லாம் போயிட்டாங்கடா கண்ணா,” என்றார் இரட்டைஜடை அக்கா பெருமையாக. “இவங்கள்ல யார் வேணுமோ கூட்டிட்டுப் போ. நாலு பேரும்கூட ஓகேதான்.”

மூன்றாவது கடையிலும் அதே கதை. நான்காவது கடைக்காரர் எங்கள் வேனைப் பார்த்ததும் எங்களிடம் ஆள் கேட்க ஓடிவந்தார்.

திரும்பி வரும்போது மாமா மெதுவாகச் சொன்னார்: “உங்கம்மா ஒரு கடையைக் கெடுத்தான்னு நெனச்சேன். ஊரையே கெடுத்துவெச்சிருக்கா.”

“எந்தப் பக்கம் போனாலும் மெக்கானிக் இருக்காங்க மாமா.”

“இருக்காங்க. நமக்கு இருக்காங்களா?”

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கடையில் நானும் பொறுமையும் எதிரெதிரே உட்கார்ந்தோம். எனக்கு வேலை தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அவருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். வருகிற ஃப்ரிட்ஜுகளுக்கு மட்டும் எதுவும் தெரியாது.

முதல் சில வாரங்களைப் பற்றி எழுதினால் வாடிக்கையாளர்கள் வழக்குப் போடக்கூடும். ஆனால் ஒன்று நடந்தது. இதுவரை பொறுமை எதையாவது தடவ ஆரம்பிக்கும்முன் யாராவது கெட்டிக்காரர் வந்து, “நகருங்க அண்ணே,” என்று வாங்கி முடித்துவிடுவார். இப்போது நகரச் சொல்ல ஆள் இல்லை. அவர் தடவினார். தப்பாகத் தடவினார். மறுபடி தடவினார். இத்தனை வருடம் அம்மா பக்கத்தில் நின்று கேட்டதெல்லாம் எங்கோ உள்ளே கிடந்திருக்கிறது. ஒவ்வொன்றாகக் கைக்கு இறங்கிவந்தது.

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு பெண்மணியின் ஃப்ரிட்ஜ் அது. நான் பார்த்து, கம்ப்ரஸர் செத்துவிட்டது என்று சாவுச் செய்தியே சொல்லிவிட்டேன். பொறுமை அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். காதை ஒட்டினார். தேநீர் ஆறிப்போகும்வரை அப்படியே நின்றார்.

“சாகல தம்பி. எழுந்திரிக்கப் பார்க்குது, முடியல. ஸ்டார்ட் பண்ற ரிலே போயிருக்கும்.”

ரிலேயை மாற்றினார். ஃப்ரிட்ஜ் முனகி, சிலிர்த்து, ஓட ஆரம்பித்தது. அந்தப் பெண்மணி அழாத குறைதான். நான் ஒரே மூச்சில் எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டேன். கடையை இனி இவர் பார்த்துக்கொள்வார். நாளையிலிருந்து வகுப்புக்குப் போனால் வருகைப்பதிவு தப்பிவிடும். பரீட்சை எழுதலாம்!

பொறுமை கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். “தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்க அண்ணே.”

“இதை அக்காகிட்ட சொல்லுவீங்களா?” தரையைப் பார்த்தார். “எத்தனை பேருக்கு நான் பெட்டி தூக்கி வண்டியில வெச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் கைதட்டிட்டு உள்ள வந்து கூட்டிப் பெருக்குவேன். அக்கா ஒரு நாளும் என்னைக் குறைவா பேசினதில்ல. ஆனா மிச்சம்னா யாருன்னு எனக்குத் தெரியாதா?”

எனக்கு எரிச்சலாக வந்தது. உலகத்தில் கேட்பதற்கு எவ்வளவோ இருக்கின்றன. சம்பள உயர்வு கேட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலம் அம்மா கட்டிலில் காலைத் தலையணை மேல் நீட்டிப் படுத்திருந்தாள். மாமா பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கேக் விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

“பொறுமை எப்படிடா இருக்கான்?” என்றாள் அம்மா.

மாமா ஆரஞ்சுக்கு மேலாக எனக்குக் கண் காட்டினார். ‘சுமார்’ என்று உதடு அசைந்தது. நானும் அதைத்தான் சொல்வதாக இருந்தேன். வாயைத் திறந்தும்விட்டேன்.

“நல்லா பண்றாரும்மா.”

மாமா தலையிலடித்துக்கொண்டார். கையிலிருந்த சுளை அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

“எவ்வளவு நல்லா?”

“கழட்டாமலே சொல்றாரு. முக்கால் டன்னுக்குக் கொஞ்சமும் குறைச்சல் இல்ல.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பயந்துவிட்டாளோ, வலிக்கிறதோ என்று பார்த்தேன். கண்ணோரம் ஈரமாக இருந்தது. பிறகு கேட்டாள்: “உன் பரீட்சை?”

“இப்பதான் ஞாபகம் வந்துச்சா?”

“என்னிக்குடா மறந்தேன்?” என்னையே பார்த்தாள். “இதுவரைக்கும் அனுப்பினதெல்லாம் என் முதற்பலன். உன் செலவுல கொடுத்தேன்னு நீ சொல்லலாம், வாஸ்தவம்தான். இவன் என் கையில விளையல. உன் கையில விளைஞ்சான். கொடுக்கறதா வேண்டாமான்னு நீ சொல்லு. வேண்டாம்னா நான் வாயைத் திறக்கமாட்டேன்.”

இதைவிட மோசமாக ஒரு தாய் தன் பிள்ளையிடம் நடந்துகொள்ள முடியாது. ‘போ’ என்று கட்டளை போட்டிருந்தால் காலமெல்லாம் அவளைக் குறை சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

“சொல்லிடாத,” என்றார் மாமா. “வாயைத் திறக்காத. ஆரஞ்சு சாப்பிடு.”

“எங்கயாவது ஆள் கேட்டிருக்காங்களா?” என்றேன்.

“முதியோர் இல்லத்துல. மருந்து வைக்கற ஃப்ரிட்ஜ் நின்னு நின்னு போகுதாம்.”

“அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை போதகரைக் கூப்பிடுங்க,” என்றேன். “என்னமோ பண்ணித் தொலைங்க.”

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நான் தூக்கினேன். பொறுமை தூக்கவிடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசல்படியில் இடித்துக்கொண்டோம். வேன் கிளம்பும்வரை கைதட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

பரீட்சை எழுத விடவில்லை. அடுத்த வருடம் வா என்றார்கள்.

புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறார். முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வந்த அன்றே கேஸ் சிலிண்டரை உருட்டி என் காலில் ஏற்றினார். மதியம் அவருக்கு சோப்பு நுரை போட்டுக் கசிவு பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாவது முறையும் நல்ல குழாயில் போட்டுவிட்டு, கசியும் குழாயைப் பத்திரமாகத் துடைத்தார். ஆறாவது முறை, பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து சரியான இடத்தில் வைத்தேன். நுரை பொங்கியது.

“ஐ!” என்றார். பிறகு கேட்டார்: “சார், இந்த வேலை பர்மனென்ட்தானே?”

“கத்துக்காம இருந்தா பர்மனென்ட்,” என்றேன். “அடுத்த குழாயைப் பாருங்க.”