வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீர்

ரங்கூன் லான்மடாவ் பேட்டையின் மாரியம்மன் கோயில் மாதா கோயிலாக மாறிய வாரத்திலிருந்து, வெள்ளிக்கிழமைதோறும் உச்சி வேளையில் அதன் தரையில் கணுக்கால் அளவுக்கு மஞ்சள் தண்ணீர் ஊறியது. மூன்று மணிக்குத் தானாக வடிந்தது. இது 1923ஆம் வருசம், ஊரில் அரிசி விலை சற்றே இறங்கியிருந்தபோது தொடங்கியது. முந்தின மழைக்காலத்தில் அம்மை போட்டபோது கூலி லைனுக்குள் நுழைந்து கஞ்சி ஊற்றியவர்கள் மிஷன்காரர்கள்தான். பிழைத்த நாற்பது குடும்பங்கள் ஞானஸ்நானம் வாங்கின. கோயில் அந்தக் குடும்பங்கள் கட்டியது, ஆகவே அவர்களோடு அதுவும் மதம் மாறியது. அம்மனை மாட்டுவண்டியில் ஏற்றி வேறொரு கோயிலுக்கு அனுப்பிவிட்டு, பீடத்தில் மாதாவை நிறுத்தினார்கள். பன்னிரண்டு வருசம் பூசாரியாக இருந்த அப்பாசாமியையே, சாவியை வாங்காமல், மணியடித்துக் கதவு திறக்கும் கோயில்பிள்ளையாக வைத்துக்கொண்டார்கள். அவர் ஞானஸ்நானம் வாங்கியும் மனைவி கனகாம்பாள் மாறவில்லை.

ஒரே சாவி, அதுவும் பழைய பூசாரியின் இடுப்பில் இருந்ததால், கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்கள் அப்பாசாமியைச் சந்தேகித்தார்கள். வராதவர்களோ, தங்களை இழுக்க வெள்ளைக்காரச் சாமியார் செய்யும் தந்திரம் என்றார்கள். கோ தின் என்ற பர்மியக் கொத்தனார் தரையைத் தோண்டிப் பார்த்தார். ஆள் உயரத்துக்குக் காய்ந்த மணல்தான் இருந்தது. பூசைக்கு வந்தவர்கள் மஞ்சள் பாதங்களோடு தெருவில் நடந்தார்கள். யார் பாதம் அதிக மஞ்சள் என்று ஒருவரையொருவர் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

அப்பாசாமி சந்தேகித்தது கனகாம்பாளை. அவர் தூங்கும்போது சாவியை எடுக்கிறாள் என்று நினைத்தார். சோறு போடும் கையை மோந்து பார்த்தார். அம்மிக்கல்லைத் தூக்கி அடுத்த வீட்டில் போட்டார். ஒரு வெள்ளிக்கிழமை அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியும் தண்ணீர் வந்தது. ஆள் வைத்துச் செய்கிறாள் என்று முடிவு கட்டினார். கனகாம்பாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அமைதியே அவருக்குச் சாட்சியாகத் தோன்றியது.

மூன்றாம் வருசம், சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயிலைக் கவனித்த உபதேசியார் தேவசகாயம் பொறுமையிழந்தார். "பாஸ்கா திருநாளுக்குள்ள இது நிக்கணும். இல்லன்னா சாவியக் குடுத்துட்டு மிஷன் வீட்டையும் காலி பண்ணுங்க" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை உச்சிக்கு முன் அப்பாசாமி மனைவியைக் கோயிலுக்குள் அழைத்துப்போய், கதவை உள்ளே தாழிட்டு, அவளுடைய இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். உபதேசியார் சாட்சி. மணி பன்னிரண்டு அடித்ததும் பீடத்தடியிலிருந்து தண்ணீர் ஊறி, மூவர் காலையும் நனைத்தது.

"இப்பவாவது கைய விடுங்க" என்றாள் கனகாம்பாள்.

அப்பாசாமி விட்டார். "மூணு வருசமா ஏன் ஒண்ணும் பேசல நீ?"

"எதுக்குப் பேசணும்? நீங்கதான் பண்றீங்கன்னு நெனச்சேன். வெளிய சிலுவையப் போட்டுக்கிட்டு, உள்ள ஆத்தாவ விடாம வச்சிருக்கீங்கன்னு. மாட்டிக்கப் போறீங்களேன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்." தண்ணீரையும் புருசனையும் மாறிமாறிப் பார்த்தாள். "நீங்க இல்லையா?"

"இல்ல" என்றார் அப்பாசாமி. அவர் வாழ்நாளில் சொன்னவற்றில் மிகக் கடினமான சொல் அதுதான்.

கனகாம்பாள் அன்று மாலையே மிங்கலாடோனில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். அப்பாசாமி தானே பொங்கித் தின்றார். நாற்பது நாள் கழித்து, மழை பிடித்த பிறகு, நனைந்த மூட்டையோடு அவள் திரும்பி வந்தாள். மாறியும் வரவில்லை, மன்னித்தும் வரவில்லை. "அண்ணி சமையல் வாயில வைக்க முடியல" என்று மட்டும் சொன்னாள். அப்பாசாமி அதையே காரணமாக ஏற்றுக்கொண்டார்.

உபதேசியார் தன் கண்ணால் பார்த்துவிட்டதால் யாரையும் துரத்தவில்லை. கோ தின் மறுபடி வந்து, வாசல் வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொடுத்தார். அதில் பிள்ளைகளின் சிரங்கு கழுவ இரண்டு மதத்துப் பெண்களும் சண்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அடுத்த ஞாயிறு சாமியார் பீடத்திலிருந்து அறிவிப்பு வாசித்தார்: இரண்டு கலியாண ஓலை, ஒரு காணாமல் போன குடை, இனி வெள்ளிக்கிழமைப் பூசை காலை ஆறு மணிக்கு, மதியம் தரை ஈரமாக இருக்கும்.